கோயின்ஸ் எழுதிய சிறுகதை

சிறுகதை எழுதுகிறவன் என்பதால் எனக்குச் சிலர் மேல் பொறாமை உண்டு. அந்தப் பட்டியலில் இப்போது முதல் இடத்தில் இருப்பவர் ஜெரால்ட் கோயின்ஸ். அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரப் போலீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்தவர். போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு. நான் ஒரு கதையை இதழுக்கு அனுப்பினால் ஐந்து மாதம் மூச்சே வராது. பிறகு, 'இரண்டாவது பாத்திரம் உயிரோட்டமாக இல்லை, திருத்தி அனுப்பவும்' என்று ஒரு வரி வரும். கோயின்ஸ் 2019 ஜனவரி 28 அன்று ஒரு கதை எழுதினார். அதில் இரண்டாவது பாத்திரத்துக்கு உயிரோட்டம் என்ன, உயிரே கிடையாது. அப்படி ஓர் ஆளே பூமியில் இல்லை. நீதிபதி அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் அரங்கேற்றம்.

கதை எளிமையானது. ஹார்டிங் தெருவில் ஒரு வீடு. முந்தின நாள் நம்பகமான இன்ஃபார்மர் ஒருவர் அங்கே போனார். பழுப்பு நிறத் தூள் வாங்கிக்கொண்டு வந்தார். அது ஹெராயின். உள்ளே ஒன்பது எம்.எம். கைத்துப்பாக்கி ஒன்றையும் பார்த்தார். முற்றும்.

இதில் அந்தக் கைத்துப்பாக்கியைக் கவனியுங்கள். வர்ணனைக்காக வைத்ததல்ல; இந்தக் கதை, வீட்டைச் சோதனையிட வாரண்ட் கேட்டு நீதிபதியிடம் கொடுத்த பிரமாண வாக்குமூலம். வாரண்டோடு வரும் போலீஸ், பொதுவாகக் கதவைத் தட்டி, இன்னார் வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வீட்டுக்குள் ஆயுதம் இருக்கிறது, தட்டினால் ஆபத்து என்று சொன்னால் தட்டாமலே உடைத்துக்கொண்டு போக நீதிபதி அனுமதி தருவார். ஒரு கதையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும் என்று பட்டறைகளில் சொல்லிக் கொடுப்பார்கள். கோயின்ஸ் எந்தப் பட்டறைக்கும் போகாமலே கற்றவர். ஹூஸ்டன் கிரானிக்கல் பத்திரிகைக்காரர்கள் பிறகு உட்கார்ந்து அவருடைய பழைய வாரண்டுகள் நூற்றுக்கு மேல் எடுத்துப் படித்தார்கள். பெரும்பாலான கதைகளில் அதே இன்ஃபார்மர் தோரணை, அதே துப்பாக்கி. பறிமுதல் பட்டியலில்தான் அந்தத் துப்பாக்கிகளைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருந்தது. ஒரே கதையைத் திரும்பத் திரும்ப எழுதுகிறான் என்று என்னைத் திட்டும் விமர்சகர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். முறையான வாசகர் கிடைத்துவிட்டால் ஒரே கதை வாழ்நாளுக்குப் போதும்.

வாசகர் யார் என்பதுதான் இந்த இலக்கிய வகையின் விசேஷம். அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காம் திருத்தம் 1791இல் வந்தது. ஒருவன் வீட்டுக்குள் சர்க்கார் நுழைய வேண்டுமானால் தக்க காரணம் வேண்டும், அந்தக் காரணத்தைச் சத்தியம் செய்து சொல்லவும் வேண்டும் என்கிறது அது. சத்தியம் என்றால் போதும், மனுஷன் மெய்தான் பேசுவான் என்று அந்தப் பெரியவர்கள் நம்பியதில் ஓர் அழகு இருக்கிறது. நம் ஊரில் கற்பூரம் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வார்கள்; செய்கிறவனுக்கே உள்ளூரக் கொஞ்சம் உதறும். ஹூஸ்டனில் கற்பூரச் செலவும் மிச்சம். ஒரு காகிதம், ஒரு கையெழுத்து, அதைப் படிக்க ஒரே ஒரு வாசகர். குறுக்குக் கேள்வி கேட்க எதிர்த்தரப்பு அந்த அறையில் இருக்காது. தன்னைப் பற்றி இப்படி ஒரு கதை தயாராகிக்கொண்டிருப்பதே எதிர்த்தரப்புக்குத் தெரியாது.

ஹார்டிங் தெரு எதிர்த்தரப்பு ஒரு கணவன், மனைவி, ஒரு நாய். கணவருக்கு 59 வயது, முன்னாள் கடற்படைக்காரர். அந்த அம்மாவுக்கு 58. இருபது வருஷத்துக்கு மேல் அதே வீட்டில் குடியிருந்தவர்கள். கதவு உடைந்தது. முதலில் சுடப்பட்டது நாய். பிறகு இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டார்கள். முடிந்தபோது கணவனும் மனைவியும் செத்துக் கிடந்தார்கள். போலீஸில் நான்கு பேருக்குக் குண்டு, ஐந்தாமவருக்கு முழங்காலில் அடி. குண்டடிபட்டவர்களில் கதாசிரியரும் ஒருவர். வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்ததில் 18 கிராம் கஞ்சாவும் ஒன்றரை கிராம் கொக்கெய்னும் கிடைத்தன. ஹெராயின் இல்லை. ஒன்பது எம்.எம். இல்லை.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள் நம் பெரியவர்கள். நம் தரகர்கள் ஊதாரிகள். ஒரு காரியத்துக்கு ஆயிரம் செலவழிக்கிறார்கள். கோயின்ஸின் சிக்கனம் அவர்களுக்கு வராது. ஒரு தாள் பொய், இரண்டு கருமாதி. நாயை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மூலக்கதைக்கு உரியவரையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் உரிமைப் பிரச்சினை வரும். ஜனவரி 8ஆம் தேதி அண்டை வீட்டுப் பெண் ஒருவர் போலீஸுக்குப் போன் போட்டு, என் மகள் அந்த வீட்டுக்குள் ஹெராயின் எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்றார். சுத்தப் பொய். ரோந்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று போனார்கள். அத்தோடு செத்துப் போயிருக்க வேண்டிய ஒரு தெருப் பொய்யை எடுத்து, தூசி தட்டி, சர்க்கார் முத்திரை குத்தி, வாரண்டாக வளர்த்தெடுத்தவர் நம்மவர். ஆக, மூலக்கதை அண்டை வீட்டுக்காரி. திரைக்கதை, வசனம் கோயின்ஸ். உதவி, ஸ்டீவன் பிரையன்ட் என்ற சக அதிகாரி. வாங்காத அந்தத் தூளை ஹெராயின் என்று அடையாளம் காண உதவியதாகப் பிற்பாடு ஓர் அறிக்கையில் ஒத்து ஊதியவர். தொலைபேசியில் பொய் சொன்ன பெண்ணுக்கு மத்திய நீதிமன்றம் 40 மாதம் சிறை கொடுத்தது. பாமர மக்கள் போலீஸிடம் பொய் சொல்லக் கூடாது. அதற்குப் பயிற்சி வேண்டும்.

அரங்கேற்றம் முடிந்ததும் பாராட்டு விழா நடக்காத ஊர் உண்டா? போலீஸ் தலைமை அதிகாரி ஆர்ட் அசெவேடோ மைக் முன்னால் வந்து கோயின்ஸின் துணிச்சலை வாயாரப் புகழ்ந்தார். முன்பும் பணியில் குண்டடிபட்டவர், மலை போன்ற மனிதர், தைரியமோ அதைவிடப் பெரிது என்கிற ரீதியில். தெருவாசிகளே போலீஸுக்கு நன்றி சொன்னதாகவும் தெரிவித்தார். போலீஸ் சங்கத் தலைவர் இன்னும் ஒரு படி மேலே போய், போலீஸைக் குறை பேசுகிறவர்களையெல்லாம் குறித்து வைத்துக்கொள்கிறோம் என்றார். செத்துப்போன கணவனும் மனைவியும் சில நாட்களுக்கு ஊர் அறிந்த ஹெராயின் வியாபாரிகளாக இருந்தார்கள். அவர்களுக்காகப் பொன்னாடையோடு யாரும் வரவில்லை.

பிறகு ஒரு அல்பமான கேள்வி வந்தது. அந்த இன்ஃபார்மர் எங்கே?

இந்தக் காட்சியை நான் பலமுறை மனசில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டில். பேச முடியாத நிலையில் கோயின்ஸ். பக்கத்தில் துறையின் விசாரணைக்காரர்கள். தூள் வாங்கிய ஆள் யார் என்று கேட்கிறார்கள். அவர் ஒரு பெயரை எழுதிக் காட்டுகிறார். அவர்கள் போய் அந்த ஆளைப் பிடித்துக் கேட்கிறார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லையே என்கிறார் அவர். திரும்பி வருகிறார்கள். இன்னொரு பெயர். அந்த ஆளும் கையை விரிக்கிறார். கோயின்ஸோடு வேலை செய்த இன்ஃபார்மர்கள் ஒருவர் விடாமல் விசாரித்தாகிவிட்டது; எல்லோரும் இல்லை என்கிறார்கள். கடைசியில், இன்ஃபார்மர் யாரும் இல்லை, நானே போய் வாங்கினேன் என்று கதையின் இரண்டாம் பதிப்பு வெளிவருகிறது. குண்டு பாய்ந்த உடம்போடு, படுத்த படுக்கையில், காகிதமும் பேனாவுமாக ஒருவர் பாத்திரத்துக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறார். தொண்டை அடைத்தாலும் கற்பனை அடைக்கவில்லை. எனக்கு ஜலதோஷம் வந்தாலே இரண்டு வாரம் எழுத வராது.

கோயின்ஸை முன்னோடி என்று சொல்லிவிட்டால் அட்லாண்டாக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 2006 நவம்பர் 21. அங்கே தனியாக வசித்த ஒரு பாட்டிக்கு 92 வயது. அந்த வீட்டில் இன்ஃபார்மர் ஒருவர் கிராக் கொக்கெய்ன் வாங்கினார் என்று பிரமாணம் செய்து வாரண்ட் வாங்கினார்கள். அங்கும் இன்ஃபார்மர் போகவில்லை. திருடனுக்குப் பயந்து பாட்டி போட்டிருந்த இரும்புக் கம்பிகளை அறுத்தார்கள். யாரோ கதவை உடைக்கிறார்கள் என்று பாட்டி பழைய ரிவால்வரை எடுத்து ஒரு முறை சுட்டார். யார் மேலும் படவில்லை. பதிலுக்கு இவர்கள் 39 முறை சுட்டார்கள். ரத்தம் போய்க்கொண்டிருந்த பாட்டிக்கு விலங்கு மாட்டினார்கள்; 92 வயதில் எழுந்து ஓடிவிட்டால்? அதன் பிறகு வீட்டின் அடித்தளத்தில் கஞ்சாப் பொட்டலங்களை வைத்தார்கள். கஞ்சாப் பொட்டலம் என்ற உத்தியைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடைசியாக ஓர் இன்ஃபார்மருக்குப் போன் போட்டு, நீதான் வாங்கினாய் என்று சொல்லிவிடு என்றார்கள். அங்கேதான் கதை சறுக்கியது. அந்த ஆள் மத்திய அதிகாரிகளிடமும் தொலைக்காட்சியிடமும் போய் உள்ளதைச் சொல்லிவிட்டார். போலீஸுக்கு அஞ்சாத ஓர் இன்ஃபார்மரை வேலைக்கு வைத்தது தொழில்முறைத் தவறு. கோயின்ஸ் இதிலிருந்து பாடம் கற்றிருக்க வேண்டும்: இல்லாத ஆள் காட்டிக்கொடுக்க மாட்டான். மூன்று அதிகாரிகள் 2009இல் சிறைக்குப் போனார்கள்; 10 ஆண்டு, 6 ஆண்டு, 5 ஆண்டு. பாட்டியின் குடும்பத்துக்கு நகராட்சி 49 லட்சம் டாலர் கொடுத்தது.

இந்த நஷ்டஈட்டு விஷயத்தில் அதிகாரிகளின் பெருந்தன்மையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் லூயிவில் நகரில் பிரியானா டெய்லர் என்ற இளம்பெண் நள்ளிரவில் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் முகவரிக்குச் சந்தேகப் பார்சல்கள் வருவதைத் தபால் ஆய்வாளர் வழியாக உறுதி செய்துகொண்டதாக வாரண்ட் மனுவில் எழுதியிருந்தார்கள். தபால் துறையோ, அப்படி நாங்கள் உறுதி சொல்லவில்லை என்றது. பெண் துப்பறிவாளர் ஒருவர் 2022இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நகராட்சி 1 கோடியே 20 லட்சம் டாலர் எடுத்து வைத்தது. எழுதினவர் சட்டைப் பையில் கைவிடவில்லை. அந்த ஊர் ஜனங்கள் சேர்ந்து கட்டினார்கள். என் கதைத் தொகுப்பு விற்காததற்கு நஷ்டத்தை நானே கட்டினேன்.

சரி, பொய் சொன்னால் சட்டம் சும்மா விடுமா என்று யாராவது கேட்பார்கள். விடாது. அதற்கென்றே 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிராங்க்ஸ் வழக்கில் ஒரு வழி செய்து கொடுத்தது. பிரமாண வாக்குமூலத்தில் எந்த வரி பொய் என்று குற்றம் சாட்டப்பட்டவர் முதலில் ஆதாரத்தோடு காட்ட வேண்டும். பொய், பொய் என்று கத்தினால் போதாது. அந்த இன்ஃபார்மர் அப்படிச் சொல்லவே இல்லை என்று நிரூபிக்க வேண்டுமா, இன்ஃபார்மரைக் கண்டுபிடியுங்கள். இன்ஃபார்மர் பெயரோ ரகசியம், வெளியிட்டால் அவர் உயிருக்கு ஆபத்து. ஹார்டிங் தெரு இன்ஃபார்மரைப் போல உயிரே இல்லாதவராக இருந்தாலும் அவர் உயிரைச் சட்டம் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றும்.

இதையெல்லாம் தாண்டிப் பொய் என்று நிரூபித்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தெரிந்தே சொன்னதா, அசட்டையாகச் சொன்னதா, வெறும் கைப்பிழையா என்று அடுத்து பார்ப்பார்கள். கைப்பிழை என்றால் மன்னிப்பு. தெரிந்தே சொன்னதுதான் என்றால், அந்த வரிகளை மட்டும் அடித்துவிட்டு மீதியைப் படிப்பார்கள். மீதி போதும் என்று தோன்றினால் வாரண்ட் செல்லும். சொத்தைக் கத்திரிக்காயில் புழு இருக்கும் இடத்தை அரிந்து எறிந்துவிட்டு மிச்சத்தைக் குழம்பில் போடுகிற குடும்பப் பாங்கு இது. மீதி போதாவிட்டால்தான் வாரண்ட் ரத்து, கைப்பற்றிய பொருள் வழக்கில் சான்றாகாது. பொய் சொன்னவருக்கு என்ன என்று தேடிப் பார்க்காதீர்கள். அந்த ஏற்பாட்டில் அவர் வரவே மாட்டார். காகிதத்துக்குத்தான் தண்டனை.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. வீட்டில் ஏதாவது கிடைத்து, வழக்குப் போட்டால்தான் இந்தப் பரிகாரமே. ஒன்றும் கிடைக்காத வீட்டுக்காரருக்கு விலக்கி வைக்கச் சான்று எதுவும் இல்லை; உடைந்த கதவு இருக்கிறது, அதை அவர் வைத்துக்கொள்ளலாம். வக்கீல் பிடித்து நஷ்டஈடு கேட்டு வருஷக்கணக்கில் அலையவும் தடையில்லை. கிடைத்த வீட்டுக்காரரோ பெரும்பாலும் வழக்கை நடத்துவதே இல்லை. அங்கே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட தண்டனைகள் விசாரணை நடந்து வருபவை அல்ல. பேரம் பேசி, குற்றத்தை ஒப்புக்கொண்டு முடிபவை. ஆகவே அந்தத் தாளை இரண்டாவது வாசகர் படிப்பதே அபூர்வம். 1994இல் நியூயார்க் போலீஸை விசாரித்த மோலன் கமிஷன், சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்லும் பழக்கம் அங்கே எவ்வளவு சகஜம் என்றால் போலீஸார் அதற்குத் தனிச் சொல்லே உண்டாக்கி வைத்திருக்கிறார்கள் என்று எழுதியது. டெஸ்டிலையிங். சாட்சி சொல்வதையும் பொய் சொல்வதையும் ஒட்டுப் போட்ட சொல். தமிழில் பொய்ச்சியம் என்று வைத்துக்கொள்ளலாம். தேவைப்படும் சொல் எந்த மொழியிலும் தானாகப் பிறக்கும்.

அரிச்சந்திரன் மெய் சொன்னான். நாடு போனது, பெண்டாட்டி பிள்ளை போனார்கள், சுடலை காத்தான். கோயின்ஸுக்கு முப்பது வருஷச் சர்வீஸ். சுடலைக்கு இரண்டு பேரை அனுப்பிய பிறகு, 2019 மார்ச்சில், விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே பணி ஓய்வு பெற்றார். பிரையன்ட்டும் ஓய்வு பெற்றார். அந்தப் புராணத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்தப் பின்குறிப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நியாயம்.

இத்தனை ஏற்பாடும் இருந்தும் அவர் மாட்டியது ஓர் அசந்தர்ப்பம். ஹார்டிங் தெருவில் ஒரு பொட்டலம் ஹெராயின் கிடைத்திருந்தால், அல்லது அந்த இருவரும் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தால், அந்த வாக்குமூலம் இன்றைக்கும் ஏதோ ஒரு கோப்பில் பத்திரமாக இருந்திருக்கும். பிணம் விழுந்தது, போலீஸ் ரத்தமும் சிந்தியது, பத்திரிகை மோப்பம் பிடித்தது. வழக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் நடந்தது. நடுவில் 2024 மார்ச்சில் குற்றப்பத்திரிகையின் வாசகம் சரியில்லை என்று நீதிபதி கொலைக் குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்ய, மறுபடி புதிதாக எழுதினார்கள். பாருங்கள், இவருடைய காகிதத்தில் ஆள் இல்லாதது கையெழுத்துக்குத் தடையாகவில்லை. அவர்களுடைய காகிதத்தில் சொல் சரியில்லாததற்கு வழக்கே விழுந்தது.

விசாரணையில் கோயின்ஸின் வக்கீல்கள் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அவர் பொய் சொல்லித்தான் வாரண்ட் வாங்கினார், அதை மறுக்கவில்லை என்றார்கள். ஆனால் அதற்காகக் கொலை என்பதா? ஆவணத்தில் பொய் எழுதிய சின்னக் குற்றம் இருக்கிறதே, அதைக் கொடுங்கள். சாவுக்குக் காரணம் அந்த வீட்டுக்காரர் சுட்டது. ஜூரிகள் ரசனை இல்லாதவர்கள். 2024 செப்டம்பரில் இரண்டு கொலைகளுக்கும் குற்றவாளி என்றார்கள். அக்டோபரில் 60 ஆண்டு சிறை. ஓய்வுபெற்ற ஓர் எழுத்தாளருக்கு இவ்வளவு நீண்ட தனிமை கிடைப்பது அரிது.

அவருடைய பழைய படைப்புகளை அரசு வழக்கறிஞர் அலுவலகம் மறுவாசிப்புச் செய்தது. அவர் சொல்லை நம்பித் தண்டனை பெற்ற நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களின் வழக்குகள் சந்தேகத்துக்குரியவை என்று அறிவித்தார்கள். சிலருக்குத் தண்டனை ரத்தானது. அவர்கள் ஏற்கெனவே கழித்துவிட்ட வருஷங்கள் எந்தப் பதிப்பிலும் திருத்த முடியாதவை.

அவர் படைப்புகளில் இன்னொரு பழைய கதை இருக்கிறது. 2004 பிப்ரவரி, ஹூஸ்டன். பத்து டாலர் கிராக் கொக்கெய்ன் கைமாறியதாக ஒரு கறுப்பின இளைஞரைக் கோயின்ஸ் கைது செய்தார். கதையில் வழக்கம்போல் பெயர் இல்லாத இரண்டாவது ஆள் ஒருவர் வருகிறார். அந்த இளைஞர் விசாரணையெல்லாம் வேண்டாம் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டார். பத்து மாதம் சிறை. அவர் பெயர் ஜார்ஜ் ஃப்ளாய்ட். 2020 மே மாதம் மினியாபொலிஸில் ஒரு போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் மூச்சுத் திணறிச் செத்ததை உலகமே பார்த்ததே, அதே ஃப்ளாய்ட்.

ஹார்டிங் தெரு அம்பலமான பிறகு, அந்தப் பத்து டாலர் வழக்கிலாவது அவர் பெயரைத் துடைத்துக் கொடுங்கள் என்று அவர் சார்பில் டெக்சாஸ் மன்னிப்பு வாரியத்திடம் மனு போட்டார்கள். 2021 அக்டோபரில் வாரியம் ஏகமனதாகப் பரிந்துரைத்தது. டிசம்பரில் நடைமுறைக் கோளாறு என்று பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2022 செப்டம்பரில் மறுத்துவிட்டது. விதிப்படி இரண்டு ஆண்டு கழித்து அவர் மறுபடி விண்ணப்பிக்கலாம்.